சாண வாயுவைச் சுத்தம் செய்யும் மெம்பரேன்: திருநெல்வேலிச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ணைக்காரர்கள், ரைஸ் மில்காரர்கள், கல்யாண மண்டபம் நடத்துபவர்கள், அப்புறம் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஊரிலேயே தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் என்று பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். திருநெல்வேலி, தென்காசி இரண்டு மாவட்டத்துக்கும் பொருந்துகிற மாதிரிதான் பதில்கள். சில பதில்கள் நீளம். அங்கேதான் பணம் போகிறது, அதனால் நீளம்.

கோபர் கேஸ் அப்படியே எரிகிறதே, அதை எதற்குச் சுத்தம் செய்ய வேண்டும்?

அடுப்புக்கு மட்டும் என்றால் பெரிதாகச் சுத்தம் தேவையில்லை. வண்டிக்கு, சிலிண்டருக்கு, விற்பனைக்கு என்று போகும்போதுதான் பேச்சு மாறுகிறது. சாணத்தைக் கரைத்துச் செரிக்கவிடும் தொட்டியிலிருந்து வரும் வாயுவில் எரியக்கூடிய மீத்தேன் 50 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். மிச்சத்தில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. அது எரியாது. சிலிண்டரில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா ஊர்வலம் வரும். கூடவே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில நூறு பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு) முதல் சில ஆயிரம் பி.பி.எம். வரை இருக்கும். அளவில் சிறியது, ஆனால் இரும்பையும் செம்பையும் தின்றுவிடும். இதற்கு மேல் நீராவி வேறு. தொட்டியை விட்டு வெளியேறும் வாயு எப்போதும் ஈரத்தில் ஊறித்தான் வரும்.

கார்பன் டை ஆக்சைடை நீக்கி மீத்தேனை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்தால் அது பெட்ரோல் பங்கில் விற்கும் சி.என்.ஜி.க்கு நிகரான எரிபொருள். அழுத்தி அடைத்தால் சி.பி.ஜி., அதாவது அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு. இந்தப் பிரிப்பு வேலையைச் செய்யும் வழிகளில் ஒன்றுதான் மெம்பரேன், அதாவது ஒரு வாயுவை விட்டு இன்னொன்றை நிறுத்திவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு.

வீட்டில் ஐந்து மாடு நிற்கிறது. மெம்பரேன் போடலாமா?

வேண்டாம், அண்ணாச்சி. ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். 25 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர் வாயு வரும். ஐந்து மாட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டர். ஒரு கன மீட்டர் சாண வாயு ஏறக்குறைய 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். ஆக மாதம் இரண்டு சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். இதற்கு மண்ணுக்குள் குமிழ் மாதிரிக் கட்டும் தீனபந்து தொட்டியோ மிதக்கும் டிரம் தொட்டியோ போதும். குழாயில் தண்ணீர் தேங்காமல் சரிவு வைத்து, தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வைத்து, அடுப்புக்கு முன்னால் இரும்புத் தூள் நிரப்பிய ஒரு சின்ன குடுவை வைத்தால் வேலை முடிந்தது. மெம்பரேனுக்குக் கம்ப்ரசர் வேண்டும், குளிரூட்டி வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரண்டு கன மீட்டருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது.

இது வீட்டு ஆர்.ஓ. மெஷினில் இருக்கும் மெம்பரேன்தானா? பழையது கிடைத்தால் போட்டுப் பார்க்கலாமா?

குடும்பப் பெயர் ஒன்று, ஆள் வேறு. ஆர்.ஓ. தாள் தண்ணீரை விட்டு உப்பைப் பிடித்து வைப்பதற்காகச் செய்தது. வாயுவைப் பிரிக்கும் மெம்பரேன் பெரும்பாலும் தலைமுடி மாதிரி மெல்லிய, உள்ளே துளையுள்ள நார்கள். ஆயிரக்கணக்கான நார்களை ஒரு கட்டாகக் கட்டி, இரு முனையையும் பிசினால் அடைத்து, உருளைக்குள் வைத்திருப்பார்கள். பழைய ஆர்.ஓ. மெம்பரேனில் வாயுவை அழுத்தினால் ஒன்று பிரியாது, அல்லது கசியும். மீத்தேன் கசிவோடு விளையாட வேண்டாம்.

அப்படியென்றால் அது எப்படித்தான் பிரிக்கிறது? சல்லடை மாதிரியா?

சல்லடை என்று சொன்னால் சீக்கிரம் புரிகிற மாதிரி இருக்கும், ஆனால் விஷயம் அது இல்லை. இந்த நாரின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியே வாயு ஓடுவதில்லை. வாயு முதலில் பிளாஸ்டிக்கின் உள்ளே கரைகிறது, பிறகு அதன் மூலக்கூறுகளுக்கு இடையே நகர்ந்து மறுபக்கம் வெளியேறுகிறது. எது அதிகம் கரைகிறதோ, எது வேகமாக நகர்கிறதோ அது முதலில் போய்ச் சேரும். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறின் அளவு சுமார் 3.3 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்), மீத்தேன் 3.8. சின்னதாகவும் இருக்கிறது, நன்றாகக் கரையவும் செய்கிறது. அதனால் கார்பன் டை ஆக்சைடு சுவரைத் தாண்டி வெளியே போய்விடும், மீத்தேன் நாரின் உள்ளேயே ஓடி மறுமுனையில் அழுத்தத்தோடு வெளிவரும்.

வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு ரப்பர் பலூனில் சாதாரணக் காற்றும் இன்னொன்றில் ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து வரும் வாயுவையும் ஒரே அளவுக்கு நிரப்பிக் கட்டிவையுங்கள். இரண்டாவது பலூன் வெகு சீக்கிரம் சுருங்கிவிடும். ஓட்டை எதுவும் இல்லை. கார்பன் டை ஆக்சைடு ரப்பரில் கரைந்து வெளியேறிவிட்டது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நல்ல சோதனை.

தள்ளும் சக்தி அழுத்த வித்தியாசம்தான். மொத்த அழுத்தம் 10 பார் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்), அதில் 40 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்றால் அதன் பங்கு 4 பார். நாருக்கு வெளியே மொத்தமே 1 பார். அந்த இடைவெளிதான் வேலை செய்கிறது. வாயு முன்னேற முன்னேற கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தள்ளும் சக்தியும் குறையும். அதனால் மீத்தேனை 60 சதவீதத்திலிருந்து 90 ஆக்குவது லேசு. 96-ஐ 98 ஆக்குவதற்குத்தான் அதிக மெம்பரேன் பிடிக்கும்.

என்னென்ன பொருளில் செய்கிறார்கள்? எது நல்லது?

செல்லுலோஸ் அசிடேட், பாலிசல்ஃபோன், பாலிஇமைடு. சாண வாயுத் தொழிலில் இப்போது பாலிஇமைடுதான் முன்னால் நிற்கிறது. கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனையும் பிரித்தறியும் திறன் அதற்கு அதிகம். இந்தத் தொழில்நுட்பம் சாணத்துக்காகப் பிறந்ததும் இல்லை. 1980 வாக்கில் மான்சாண்டோ நிறுவனம் அமோனியா ஆலைகளில் வீணாகும் ஹைட்ரஜனை மீட்க இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் இயற்கை எரிவாயு, அதற்கும் பிறகுதான் நம் தொட்டி.

வேகமாக விடும் பொருள் சரியாகப் பிரிக்காது, சரியாகப் பிரிக்கும் பொருள் மெதுவாகத்தான் விடும். 1991-ல் ரோப்சன் என்ற ஆய்வாளர் இந்த இழுபறிக்கு ஓர் எல்லைக் கோடே வரைந்து காட்டினார். 2008-ல் அதைத் திருத்தினார். 'வேகமும் அதிகம், சுத்தமும் அதிகம், விலையும் குறைவு' என்று ஒருவர் விற்க வந்தால் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

ஒரு மெம்பரேன் போதாதா? மூன்று கட்டம் என்கிறார்களே?

ஒரே கட்டத்திலும் 95 சதவீதச் சுத்தம் எடுக்கலாம். ஆனால் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மீத்தேனும் பத்துக்கு மேற்பட்ட சதவீதம் தப்பிப் போகும். இது இரண்டு வகையில் நஷ்டம். விற்க வேண்டிய பொருள் காற்றில் போகிறது. போவதும் நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பத்து சதவீதத்தை மேலே விடுவது நியாயமில்லை.

மூன்று கட்டத்தில், முதல் மெம்பரேனில் நிற்கும் வாயு இரண்டாவதுக்குப் போகும். அங்கே நின்றதுதான் நமக்கு வேண்டிய சுத்தமான மீத்தேன். முதல் மெம்பரேனைத் தாண்டி வெளியேறியது மூன்றாவதுக்குப் போகும்; அதையும் தாண்டியதுதான் வெளியே விடும் கழிவு வாயு. இரண்டாவதில் தப்பியதும் மூன்றாவதில் நின்றதும் கம்ப்ரசர் வாய்க்கே திரும்பி வந்துவிடும். இப்படிச் சுற்றவிட்டால் 99 சதவீதத்துக்கு மேல் மீத்தேன் கையில் நிற்கும். முதலீடு கூடும், கம்ப்ரசரும் கொஞ்சம் பெரிதாக வேண்டும். சிறிய ஆலைக்காரர்கள் இரண்டு கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, கழிவு வாயுவை எரித்தோ, ஒரு பாய்லரில் கலந்தோ சமாளிக்கலாம். பாய்லர் ஏற்கெனவே இருக்கும் ரைஸ் மில்லுக்கு என் கணக்கில் இதுதான் புத்திசாலித்தனம்.

மெம்பரேன் எத்தனை வருடம் உழைக்கும்? எதனால் கெடுகிறது?

ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்து வருடம்கூடத் தாங்கும். கெட்டுப்போவது பெரும்பாலும் மெம்பரேனின் குற்றமாக இருக்காது; அதற்கு முன்னால் நிற்கும் சாமான்களின் குற்றமாகத்தான் இருக்கும்.

முதல் எதிரி தண்ணீர். நீராவியாக வந்தால் மெம்பரேன் சமாளித்துவிடும், சொட்டாக வந்தால் நாரின் மேல் படிந்து வழியை அடைக்கும். வாயுவை அழுத்தினால் ஈரம் பிழிந்துகொண்டு வரும். அதனால் கம்ப்ரசருக்குப் பிறகு 5 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, தண்ணீரை வடித்து, மறுபடி கொஞ்சம் சூடாக்கித்தான் மெம்பரேனுக்குள் விட வேண்டும். அந்த மறுசூட்டை வீண் செலவு என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் வாயு ஈரத்தின் விளிம்பிலேயே இருக்கும், உள்ளே போய்ச் சொட்டும்.

இரண்டாவது கம்ப்ரசர் எண்ணெய். எண்ணெய் பூசிய ஸ்க்ரூ கம்ப்ரசரிலிருந்து பனி மாதிரி எண்ணெய் கிளம்பும். வடிகட்டியை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அது நாரில் பூசிக்கொள்ளும். பூசிய பிறகு கழுவி எடுக்கலாம் என்று நம்ப வேண்டாம்.

மூன்றாவது ஹைட்ரஜன் சல்பைடு. இதில் ஒரு ஏமாற்று உண்டு. அதில் ஒரு பங்கு மெம்பரேனைத் தாண்டி கார்பன் டை ஆக்சைடோடு வெளியேறிவிடும். 'மெம்பரேனே பார்த்துக்கொள்ளும்' என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் மெம்பரேனைச் சேர்வதற்கு முன்பே அது கம்ப்ரசரைத் தின்றிருக்கும். கழிவுக் குழாய் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. ஆகவே முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்: தொட்டியிலேயே இரும்பு உப்புக் கரைசல் கலப்பது, வெளியே இரும்பு ஆக்சைடு படுக்கை வைப்பது, கடைசியில் ஆக்டிவேட்டட் கார்பன் என்ற தனி வகைக் கரி. இந்தக் கரியில் சில வகை, வாயு முழுக்கக் காய்ந்திருந்தால் சரியாகப் பிடிக்காது. கொஞ்சம் ஈரமும் ஆக்சிஜனும் கேட்கும். எந்தக் கரி, எந்த இடத்தில் என்பதை விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: பயன்படுத்தி முடித்த இரும்புப் படுக்கையைத் திறந்து காற்றில் கொட்டினால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நான்காவது, சுருக்கமாக: கோழி எச்சமோ கசாப்புக் கழிவோ அதிகம் போனால் அம்மோனியா கூடும், குப்பைக் கிடங்கு வாயுவில் சிலாக்சேன் என்ற சிலிக்கான் கலந்த ஆவி வரும். இரண்டையும் முன்னாலேயே அளந்து பார்க்க வேண்டும்.

என்னிடம் ஒருவர் மெம்பரேனுக்கு இவ்வளவு, சுத்திகரிப்புக்கு இவ்வளவு என்று இரண்டு தொகை காட்டி எதில் குறைக்கலாம் என்று கேட்டால், மெம்பரேனில் ஒரு கட்டத்தைக் குறையுங்கள், முன்னால் நிற்கும் வடிகட்டி, குளிரூட்டி, கரியில் கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

புளியங்குடியில் எலுமிச்சைக் கழிவு மலிவாகக் கிடைக்கிறது. தொட்டியில் போடலாமா?

எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே, இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எலுமிச்சைத் தோலில் லிமோனீன் என்ற எண்ணெய் இருக்கிறது. நமக்கு மணம், தொட்டியில் மீத்தேன் தரும் நுண்ணுயிரிகளுக்கு விஷம். கொஞ்சமாக, சாணத்தோடு கலந்து போட்டால் தாங்கும். மொத்தமாகக் கொட்டினால் வாயு வரத்து படுத்துவிடும். அதோடு முடியாது. லிமோனீன் ஆவியாகி வாயுவோடு கிளம்பி மெம்பரேன் பிளாஸ்டிக்கில் ஊறி, அதன் பிரிக்கும் திறனைக் குறைக்கும். நடுவில் நிற்கும் கரிதான் காவல், அந்தக் கரியும் சீக்கிரம் நிரம்பிவிடும். எலுமிச்சைத் தோலுக்கு வேறு வழி பாருங்கள். எண்ணெய் எடுத்தபின் மிச்சத்தைக் கொண்டுவந்தால் பேசலாம்.

தொட்டிக்குள் கொஞ்சம் காற்று விட்டால் நாற்றம் போய்விடுமாமே?

போகும். சில சதவீதம் காற்று விட்டால் அங்கே இருக்கும் பாக்டீரியாவே ஹைட்ரஜன் சல்பைடை கந்தகப் பொடியாக மாற்றிவிடும். அடுப்புக்கும் ஜெனரேட்டருக்கும் இது மலிவான, நல்ல வழி. மெம்பரேன் வைக்கப் போகிறவர்களுக்கு மட்டும் இது வில்லங்கம்.

காரணம் நைட்ரஜன். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். மெம்பரேனைத் தாண்டுவதில் நைட்ரஜனும் மீத்தேனும் ஏறக்குறைய ஒரே வேகம், அதனால் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். கச்சா வாயுவில் 4 சதவீதம் நைட்ரஜன் இருந்து, கார்பன் டை ஆக்சைடை எடுத்துவிட்டால், மிச்சத்தில் அது 6 சதவீதமாகத் திரண்டு நிற்கும். 97 சதவீத மீத்தேன் எதிர்பார்த்தவருக்கு 92 வரும், மெம்பரேனைத்தான் திட்டுவார். காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் மட்டும் அளந்து விடுவது, அல்லது இரும்பு உப்பு போடுவது சரி. தொட்டி மூடியிலும் குழாய் இணைப்பிலும் காற்று கசிந்து உள்ளே வந்தாலும் இதே கதைதான். மீத்தேன் சதவீதம் குறைந்தால் முதலில் நைட்ரஜன் அளவைப் பாருங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்குமா?

பாளையங்கோட்டையில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும், தகரக் கூரைக்குள் அதற்கும் மேல். சூடு ஏறினால் மெம்பரேன் வாயுவை வேகமாக விடும், ஆனால் பிரிக்கும் திறன் குறையும். மீத்தேன் தப்பும் அளவு கூடும். பாலிஇமைடு அந்தச் சூட்டில் உருகிவிடாது, பயப்பட வேண்டாம். உண்மையில் திணறுவது குளிரூட்டிதான். ஐரோப்பாவில் 25 டிகிரி வெளிக்காற்றுக்குக் கணக்குப் போட்ட குளிரூட்டியை இங்கே கொண்டுவந்து வைத்தால் மே மாதம் மதியம் தண்ணீரைப் பிழிய முடியாமல் நிற்கும். 45 டிகிரி வெளிச்சூட்டுக்குக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கொட்டகையை வடக்கு தெற்கு பார்க்காமல் காற்றோட்டம் பார்த்துப் போடுங்கள்.

தண்ணீரில் கழுவும் முறை மலிவு என்கிறார்கள். தாமிரபரணி ஓடும் ஊரில் அதையே வைக்கலாமே?

அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரையும், மீத்தேன் மிகக் குறைவாகத்தான் கரையும். அதை வைத்துக் கழுவுவது பழைய, நம்பகமான முறை. ஆனால் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால்தான் நன்றாகக் கரையும். நம் வெயிலில் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும், அதனால் தண்ணீரையும் அதிகம் சுற்றவிட வேண்டும், மின்சாரமும் கூடும். ஆற்றை நம்பி ஆலை போடுவதும் சரியில்லை. கார், பிசானம் என்ற இரண்டு பூ (போகம்) நெல்லுக்கும் போதாமல் கடைமடை தவிக்கும் வருடங்கள் இருக்கின்றன.

இந்தியாவில் அதிகம் பார்ப்பது அழுத்தம் ஏற்றி இறக்கிப் பிரிக்கும் பி.எஸ்.ஏ. முறை. அதில் வால்வுகள் நாள் முழுக்கத் திறந்து மூடும், தேய்மானம் உண்டு. மெம்பரேனில் ஓடும் பாகமே இல்லை. கம்ப்ரசர் மட்டும்தான் ஓடும். இடம் குறைவு, தண்ணீர் வேண்டாம், ரசாயனம் வேண்டாம், வேலையை நிறுத்திப் பத்து நிமிடத்தில் திரும்பத் தொடங்கலாம். கரண்ட் போய்ப் போய் வரும் இடத்துக்கு இந்தக் கடைசிக் குணம் பெரிய வசதி.

நாளைக்கு ஒரு டன் சி.பி.ஜி. எடுக்க எவ்வளவு சாணம் வேண்டும்?

மணிக்கு 100 கன மீட்டர் கச்சா வாயு, அதில் 60 சதவீதம் மீத்தேன், நல்ல மூன்று கட்ட மெம்பரேன் என்று வைப்போம். மணிக்கு 62 கன மீட்டர் சுத்தமான வாயு, எடையில் 40 முதல் 45 கிலோ வரும். நாள் முழுக்க ஓடினால் ஒரு டன். இதற்கு நாளொன்றுக்கு 2,400 கன மீட்டர் கச்சா வாயு. சாணத்தில் மட்டும் என்றால் 60 டன், அதாவது 6,000 மாடுகள். ஒரு ஊரில் இத்தனை மாடு இல்லை. சுற்று வட்டாரக் கிராமங்களில் வண்டி வைத்துச் சேகரிக்க வேண்டும், அந்த டீசல் செலவையும் கணக்கில் எழுத வேண்டும்.

உணவுக் கழிவு என்றால் டன்னுக்கு 100 கன மீட்டர் அளவுக்கு வரும், 25 டன் போதும். இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையைச் செரிக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. நாளைக்கு 17 டன் சி.என்.ஜி. அதன் இலக்கு. அங்கே வீட்டு வாசலிலேயே மக்கும் குப்பை தனியாகப் பிரிந்து வந்தது. இராமையன்பட்டிக் கிடங்கில் கலந்து கிடக்கும் குப்பையைக் காட்டி யாராவது இதே கணக்கைச் சொன்னால், பிளாஸ்டிக்கும் மண்ணும் கலந்த குப்பையில் அது வராது.

வாழைத்தண்டு, வைக்கோல், உமி, கருவேலம், இதில் எதைப் போடலாம்?

வாழைத்தண்டு செரிக்கும். ஆனால் ஒரு டன் தண்டில் 900 கிலோவுக்கு மேல் தண்ணீர். களக்காட்டில் வெட்டி எறிந்ததை நாற்பது கிலோமீட்டர் லாரியில் ஏற்றினால் தண்ணீர் சுமந்த கூலிதான் மிஞ்சும். தோட்டத்துப் பக்கத்திலேயே தொட்டி இருந்தால் சரி.

வைக்கோலிலிருந்து வாயு எடுக்கலாம். பஞ்சாபின் லெஹ்ராகாகாவில் 2022-ல் திறந்த ஆலை அதைத்தான் செய்கிறது. அங்கே வைக்கோலை வயலில் கொளுத்தினார்கள். இங்கே வைக்கோல் மாட்டுக்குத் தீனி, மிஞ்சியது கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. விலை கொடுத்து வாங்கிச் செரிக்கவைப்பது கட்டாது. உமியும் சீமைக் கருவேலமும் மரத்தன்மை கொண்டவை, நுண்ணுயிரி தொடாது. எரிக்கவோ, குறைந்த காற்றில் சூடாக்கி வாயு எடுக்கும் கேசிஃபையரில் போடவோதான் லாயக்கு.

எங்கள் மண்டபத்தில் மிஞ்சுகிற சாப்பாட்டைப் போட்டதும் வாயு நின்றுவிட்டது. மெம்பரேன் வைத்தால் சரியாகுமா?

ஆகாது. முகூர்த்த நாளில் நானூறு பேருக்குச் சொதி, பாயசம், சோறு என்று மிஞ்சியதை ஒரே மூச்சில் கொட்டினால் தொட்டி புளித்துவிடும். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிரி வேகமானது, மீத்தேன் உண்டாக்குவது மெதுவானது. புளிப்பு ஏறி பி.எச். 6.5-க்குக் கீழே போனால் இரண்டாவது கூட்டம் வேலையை நிறுத்திவிடும். அப்போது வரும் வாயுவில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு, எரியாது. தீனியை நிறுத்துங்கள், கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள், நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து சாணக் கரைசல் வாங்கி ஊற்றுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு டிரம்மில் சேர்த்து வைத்து நாள்தோறும் கொஞ்சமாகப் போடுங்கள்.

வாயு உண்டாகும் இடத்திலும் மெம்பரேன் உண்டாமே?

இரண்டு வகையில் உண்டு. ஒன்று, தொட்டிக்கு மேல் போர்த்தும் இரட்டைப் பலூன். உள் விரிப்பு வாயுவுக்கு, வெளி விரிப்பு காற்றால் நிரம்பி உருவம் காக்கும். நடுவில் ஒரு சின்ன ஊதி எப்போதும் ஓடும். பாலியெஸ்டர் துணியில் பி.வி.சி. பூசியது. பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்று ஆனி, ஆடியில் என்ன செய்யும் என்று அங்கே காற்றாலை வைத்தவர்களைக் கேளுங்கள். அந்தக் காற்றுக்குக் கணக்குப் போட்டு நங்கூரம் அடிக்க வேண்டும்; ஊதிக்கு மாற்று மின்சாரம் கண்டிப்பாக வேண்டும்.

இன்னொன்று, நுண்ணுயிரியைத் தொட்டியிலேயே பிடித்து வைக்கும் வடிகட்டி மெம்பரேன். புழுங்கல் அரிசி மில்லில் நெல் ஊறவைத்த தண்ணீர் மாதிரி மெல்லிய கழிவுக்கு இது பொருந்தும். மீத்தேன் தரும் நுண்ணுயிரி மெதுவாகப் பெருகும். தண்ணீரோடு அடித்துக்கொண்டு போனால் தொட்டி காலி. மெம்பரேன் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு அவற்றை நிறுத்திவைக்கும். கழிவின் வலிமையை சி.ஓ.டி. என்று அளப்பார்கள், ஒரு கிலோ சி.ஓ.டி. செரித்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன். நாளைக்கு 100 கன மீட்டர் தண்ணீர், லிட்டருக்கு 4 கிராம் சி.ஓ.டி., அதில் 80 சதவீதம் செரிக்கிறது என்று வைத்தால் 112 கன மீட்டர் மீத்தேன். பாய்லர் உமியில் ஒரு பங்கு மிச்சமாகும். தொல்லை என்னவென்றால் இந்த மெம்பரேன் அடைத்துக்கொள்ளும். கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

சுத்தம் செய்த வாயுவைப் பழைய சமையல் கேஸ் சிலிண்டரில் அடைக்கலாமா?

கூடவே கூடாது. சமையல் கேஸ் லேசான அழுத்தத்தில் திரவமாகிவிடும், அதனால் 14.2 கிலோ பிடிக்கிறது. மீத்தேன் மைனஸ் 82 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. 33 லிட்டர் கொள்ளும் அந்தச் சிலிண்டரில் 10 பார் அழுத்தத்தில் மீத்தேன் அடைத்தால் கால் கிலோகூடத் தேறாது. ஒரு அடுப்பு ஒரு மணி நேரம் சொச்சம் எரியும். இன்னும் பிடிக்கட்டும் என்று அழுத்தத்தைக் கூட்டினால் வெடிக்கும். சி.பி.ஜி.க்கு 200 பார் தாங்கும் தனிச் சிலிண்டர் உண்டு. அதற்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும்.

மின்சாரம் எவ்வளவு இழுக்கும்? யார் வாங்குவார்கள்?

கச்சா வாயு ஒரு கன மீட்டருக்கு 0.2 முதல் 0.3 யூனிட் வரை. அந்த ஒரு கன மீட்டரில் இருக்கும் ஆற்றல் 6 யூனிட் என்பதால் இது நியாயமான கூலி. சிலிண்டரில் அழுத்தி ஏற்றும் செலவு தனி.

சி.பி.ஜி.யை வாங்குவதற்கான மத்திய அரசின் 'சதத்' (SATAT) திட்டம் 2018 அக்டோபரில் வந்தது. எண்ணெய் நிறுவனங்கள் கிலோ 46 ரூபாய்க்கு வாங்குவதாகத் தொடங்கியது, பிறகு விலை மாறியது. நகர எரிவாயு நிறுவனங்கள் சி.பி.ஜி.யைக் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் 2025-26-ல் 1 சதவீதத்தில் தொடங்கி, 2028-29-ல் 5 சதவீதமாக ஏறுகிறது. தரம் ஐ.எஸ். 16087 என்ற இந்தியத் தர அளவின்படி: மீத்தேன் குறைந்தது 90 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 4-க்கு மிகாமல், ஆக்சிஜன் 0.5-க்கு மிகாமல், கந்தகம் கன மீட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல். வாங்குபவரோடு ஒப்பந்தம் கையில் இல்லாமல் மெம்பரேனுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

வெளியே போகும் கார்பன் டை ஆக்சைடை சோடா கம்பெனிக்கு விற்கலாமா?

மூன்று கட்டத்தில் அது 99 சதவீதம் வரை சுத்தமாகத்தான் வரும். ஆனால் மிச்சமிருக்கும் துளியில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் இருக்கும். உணவுத் தரத்துக்கு ஏற்ற இன்னொரு சுத்திகரிப்பு வேண்டும். சிறிய ஆலைக்கு அது கட்டாது. கோலி சோடா ஆசையைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம்.

ஆலையில் ஆள் உயிருக்கு ஆபத்து எங்கே?

மெம்பரேன் பக்கம் குறைவு, தொட்டிப் பக்கம்தான் அதிகம். ஹைட்ரஜன் சல்பைடு 100 பி.பி.எம். தாண்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதும் 'சரியாகிவிட்டது' என்று நினைத்து இறங்குகிறவர் திரும்ப மாட்டார், அவரைத் தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் மாட்டுவார். தொட்டி காலியாக இருந்தாலும் வாயு அளவைப் பார்க்காமல், காற்று ஊதாமல், மேலே ஆள் நிற்காமல் யாரையும் இறக்காதீர்கள். கம்ப்ரசர் அறையில் மீத்தேன் காற்றோடு 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு சுவிட்ச் பொறி போதும். மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே ஏறும். கூரை உச்சியில் திறப்பு வையுங்கள்.

மெம்பரேன் கெட ஆரம்பித்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆலை தொடங்கிய முதல் வாரத்தில் நான்கு எண்களை நோட்டில் எழுதிவையுங்கள்: உள்ளே போகும் அழுத்தம், வெளியே வரும் அழுத்தம், சுத்தமான வாயுவில் மீத்தேன் சதவீதம், கழிவு வாயுவில் மீத்தேன் சதவீதம். வாயு வெப்பத்தையும் பக்கத்தில் குறியுங்கள், இல்லாவிட்டால் கோடைக்கும் மழைக்கும் உள்ள வித்தியாசம் குழப்பும். பிறகு வாரம் ஒருமுறை இதே எண்கள். கழிவில் மீத்தேன் திடீரென ஏறினால் ஏதோ ஒரு உருளையில் நார் அறுந்திருக்கிறது. ஒவ்வொரு உருளையாக வால்வை மூடிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மாதக்கணக்கில் மெதுவாக ஓட்டம் குறைந்து, ஒரே சுத்தத்துக்கு அதிக அழுத்தம் கேட்டால் எண்ணெயோ ஈரமோ படிந்திருக்கிறது. வடிகட்டியைத் திறந்து பாருங்கள். கரிக்குப் பின்னால் ஒரு குழாயில், ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுக்கும் லெட் அசிடேட் தாளைக் காட்டுங்கள். கறுத்தால் கரி முடிந்துவிட்டது. அன்றைக்கே மாற்றுங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.